வரிச் சலுகைக்கு வந்தவர்கள்

செவக்காட்டூர் மில் காலனியில் செத்துப்போன வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே காலையில் திரும்பி வந்து நகராட்சி ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றார்கள் என்பதற்காக அந்த ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அது மில் மூடிய பிறகும் வருஷக்கணக்கில் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் சங்கு ஊதியதைக் கேட்ட ஊர், தண்ணீரே வராத குழாய்க்குத் தண்ணீர் வரி கட்டிய ஊர். வந்து நின்றவர்களைப் பார்த்து வாட்ச்மேன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க அண்ணாச்சி, ஆபீசர் இன்னும் வரல."

அவர்களை வரவழைத்தவள் சொர்ணத்தாய். வேண்டுமென்று செய்யவில்லை, கோபத்தில் செய்துவிட்டாள்.

அதற்கு முந்தின வருஷம் நகராட்சி ஆட்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்து வீடுகளை அளந்தார்கள். குளிக்கிற இடத்துக்கு மேலே போட்ட தகரத்தை அளந்தார்கள், ஆட்டுக்குட்டி கட்டுகிற சாய்ப்பை அளந்தார்கள், படிக்கல்லை அளந்தார்கள், அளந்து முடித்துப் போட்ட வரியைப் பார்த்தபோது மில்லில் நூல் சுற்றியும் பஞ்சு தின்றும் கிழடாகிப்போன அந்த ஜனங்கள், நாம் இருப்பது நம்முடைய வீட்டில்தானா இல்லை கலெக்டர் பங்களாவிலா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரி கட்டாத வீட்டு வாசலில் குப்பைத்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் மீன் செதிலையும் அழுகின தக்காளியையும் அதில் வந்து கொட்டினார்கள், கொட்டிவிட்டு, "கோவிச்சுக்கிடாதீக, தொட்டி இங்கதான இருக்கு" என்றார்கள். சொர்ணத்தாய்க்கு எழுபத்தொரு வயசு, மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஆனாலும் ஒருநாள் காலை அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தொட்டியில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி இழுத்தாள். அதைப் பார்த்து அதே தெரு வேலம்மாள் வந்து பின்னால் தள்ளினாள், வேலம்மாளைப் பார்த்து இன்னும் பத்துப்பேர் தங்கள் வாசல் தொட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள், தேர் இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டுபோய் நகராட்சி வாசலில் கமிஷனர் காருக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான் முதியோர் வீட்டு வரிச் சலுகைச் சங்கம். சொர்ணத்தாய் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். அவள் தலைவி. மைக்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், கலெக்டரைப் பார்த்து "ஒங்களுக்கும் ஒருநாள் வயசாகும்லா சார்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்து, உட்கார்ந்து, நடந்து, ஒருநாள் போலீஸ் வேனில் ஏறி மண்டபத்தில் புளியோதரை தின்று, கடைசியில் நகராட்சியில் தீர்மானம் போட வைத்தார்கள்: எழுபது வயது தாண்டிய வீட்டு உரிமையாளருக்கு ஆயுசுக்கும் பாதி வரி. அன்றைக்குக் காலனியில் எல்லார் வாயிலும் கல்கண்டு.

கல்கண்டு கரைவதற்குள் பில் கலெக்டர் பிரின்ஸ் ரெஜிஸ்டரைத் திறந்தான்.

"ஆச்சி, கோமதிநாயகம் வந்திருக்காரா?"

"அவுக இல்லயே தம்பி."

"எப்ப வருவாரு?"

"நல்லாக் கேட்ட போ. தவறிப்போயி பன்னெண்டு வருஷமாச்சு."

பிரின்ஸ் நல்ல பையன்தான். தலையைச் சொறிந்தான். "ரெஜிஸ்டர்ல அவருதான ஆச்சி ஓனரு. சலுகை ஓனருக்குத்தான். ஓனர் நேர்ல வரணும்னு போட்டிருக்கு."

"வீட்டுக் கடன் அம்புட்டும் எஞ் சம்பளத்துல பிடிச்சது தம்பி. அவுக சஸ்பெண்டுல கெடந்த காலத்துலயும் நான்தான் கட்டுனேன்."

"இருக்கலாம் ஆச்சி. இதுல அது இல்லையே."

சொர்ணத்தாய்க்கு மட்டுமில்லை, காலனியில் வீட்டுக்கு வீடு அதே கதைதான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து யாராவது ஒரு பெரியவர், வீட்டு வரியைப் பேர் மாற்றணுமே என்று எடுக்கிறபோது, தாலியறுத்து உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை, "அவுக பேரே இருக்கட்டும், அது ஒண்ணாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவாள். சிலர் பிரியத்தில் சொன்னார்கள், சிலர் பயத்தில் சொன்னார்கள், சிலர் ஆபீஸ் படி ஏற அலுத்துப்போய்ச் சொன்னார்கள், மொத்தத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். இனி மாற்ற வேண்டுமென்றால் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். சொர்ணத்தாய்க்கு ஒரே மகன், நெல்லையப்பன், ஓசூரில் இருக்கிறான். போன் போட்டதற்கு, "எம்மா, மாத்துறதுன்னா எம்பேருக்கு மாத்து, வித்துட்டு ஒரு நல்ல முடிவா எடுப்போம். ஒத்தையா அந்தக் குடோன்ல என்னத்துக்குக் கெடக்க?" என்றான்.

அவள் ஒத்தையாகக் கிடப்பதற்காகத்தான் அந்த வீட்டை வைத்திருந்தாள். அதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கோமதிநாயகம் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்பின்னிங்கில் மேஸ்திரி. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். குழம்பில் உப்புக் குறைந்தால் ஒன்றும் பேசாமல் தட்டை ஒரு விரலால் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு விரலுக்குப் பயந்து அவள் தன் வயசு முழுவதும் குழம்பை மூன்று தடவை ருசி பார்த்தாள். முன்னறையில் அவருடைய இரும்புக் கட்டில். அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் போவாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த அறையில் மத்தியானம் காற்று வரும் என்பதே அவளுக்குத் தெரிந்தது. கட்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டாள், வாசல் கதவைத் திறந்துபோட்டு நடுஅறையில் குறுக்கே படுத்தாள், பசித்தால் தின்றாள், பசிக்காவிட்டால் அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்த வீடு போய்விட்டால் அந்தக் காற்றும் போய்விடும்.

ஆக, நகராட்சி வாசலில் மறுபடியும் பந்தல் போட்டார்கள். மைக் சொர்ணத்தாய் கையில் இருந்தது. வெயில், கோபம், முழங்கால் வலி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஏறியது. "ஓனரு நேர்ல வரணுமாம்ளா! வரட்டுமே! கூப்புடுங்க எல்லாரையும்!" என்றாள், என்றுவிட்டு, தன் வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அந்தக் காலனிப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். பேரில் சாமி இருந்தால் சாமி பேரையும் சொல்லமாட்டார்கள். சொர்ணத்தாய் கலியாணம் ஆன நாளிலிருந்து கோமதி அம்மனை "அந்த அம்மன்" என்றுதான் கும்பிட்டாள், எதிர்வீட்டு கோமதிப் பிள்ளையை "ஏ, பச்சைத் தாவணி" என்றுதான் கூப்பிட்டாள், ரேஷன் கடையில் பேர் கேட்டால் கார்டை நீட்டுவாள். அப்படிப்பட்டவள் மைக்கில், "கோமதிநாயகம்!" என்றாள். குழாய் ரேடியோ அதை ரயில்வே கேட் தாண்டிச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோனது. மைக்கை வேலம்மாளிடம் கொடுத்தாள். வேலம்மாள் புதுப்பெண் மாதிரி முந்தானையைக் கடித்துக்கொண்டு, "சங்கரபாண்டி" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி, மெதுவாக, சத்தமாக, வெட்கமாக, வஞ்சமாக, சாயங்காலம் வரைக்கும் பேர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருந்த காலத்தில் ஒருநாளும் பெண்டாட்டி வாயால் பேர் சொல்லிக் கூப்பிடப்படாத ஆண்கள், முதல்முதலாகக் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் வராமல் வேறு என்ன செய்வார்கள்? மறுநாள் காலையில் வந்துவிட்டார்கள்.

சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது கட்டியிருந்த கோடி வேட்டியோடுதான் வந்தார்கள். நெற்றியில் காசு வைத்த இடம் வட்டமாகத் தெரிந்தது. புதைத்தவர்கள் தோளில் செம்மண், எரித்தவர்கள் மேலில் எருவட்டிப் புகை மணம். மற்றபடி வித்தியாசம் என்றால் அவர்களைக் கொசு கடிக்கவில்லை, அது ஒன்றுதான்.

வயசில்தான் பிரின்ஸுக்குக் குழப்பம் வந்தது. "சார், இவரு செத்தப்ப அறுபத்தாறு. இப்பத்திக்குப் பாத்தா எழுபத்தெட்டு. எதைப் போட?" என்று கேட்டான்.

மேலாளர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "பொறந்த தேதி என்ன சொல்லுதோ அதப் போடும். செத்ததை எழுத இந்த ஃபாரத்துல இடம் எங்க வேய் இருக்கு?"

எல்லாருக்கும் பாதி வரி ஆனது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டு கோடி வேட்டிக்காரர்கள், பின்னால் தலைகளுக்கு இடுக்கில் சொர்ணத்தாயின் ஒரு காது.

ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது, ஊருக்கு வேறு வேலை இருந்தது. சுவரில் மாட்டியிருந்த படங்களின் மாலையைக் கழற்றினார்கள், சீரியல் பல்பை மட்டும் அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தார்கள். வளையல்காரர் வந்து, "என்ன மதினி, இனிப் போடலாம்லா?" என்று வீடு வீடாகக் கேட்டார். ரேஷன் கடையில், எடுத்த பேரை மறுபடி சேர்க்க முடியாது, அரிசி கிடையாது என்றார்கள். தாலுகா ஆபீஸில், புருஷன் இருக்கிறபோது விதவைப் பென்ஷன் எதற்கு என்று கேட்டு அந்த மாசமே நிறுத்தினார்கள். அரசாங்கம் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலை செய்து அந்த ஊர் பார்த்ததில்லை. செத்தவர்கள் காலையில் பழக்கதோஷத்தில் மில் கேட்டுக்குப் போனார்கள், அது கலியாண மண்டபமாகிவிட்டிருந்தது, யாரோ பன்னீர் தெளித்து உள்ளே கூட்டிப்போய் டிபன் கொடுத்தார்கள். மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து, என்றைக்கோ முடிந்துபோன ஒரு ஸ்டிரைக்கில் யார் காட்டிக்கொடுத்தது என்று சண்டை போட்டார்கள்.

வேலம்மாள் மாதிரி நாலைந்து பேருக்கு அது நல்ல காலம். சங்கரபாண்டி முன்பு மாதிரியே பூ வாங்கி வந்தார், அவள் முன்பு மாதிரியே, "கெழட்டு மூதிக்கு வெக்கத்தப் பாரு" என்று வைதாள், இரண்டு பேரும் படிக்கல்லில் உட்கார்ந்து ஒரே தட்டில் தோசை தின்றார்கள்.

கோமதிநாயகம் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏளா, கட்டில எங்க?"

கட்டில் வாங்கினாள். வாசல் கதவு சாத்தப்பட்டது. கூட்டத்துக்கு வந்த பெண்கள் கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள், பிறகு நிற்கவும் இல்லை. சங்கம் டீக்கடைக்கு இடம் மாறியது, உரிமையாளர் சங்கத்துக்கு உரிமையாளர்தானே தலைவராக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அதற்குக் கைதட்டினார்கள், கோமதிநாயகம் தலைவரானார். சொர்ணத்தாய் குழம்பை மூன்று தடவை ருசி பார்த்தாள். அன்றைக்கும் தட்டு ஒரு விரலளவு தள்ளிப் போனது.

அவள் ஒரே ஒருநாள் கேட்டாள். வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "வந்ததுதான் வந்துட்டீக. இந்த வீட்ட எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டா எனக்கு ஒரு நிம்மதி. எனக்கும் எழுபது தாண்டிட்டு, சலுகையும் போவாது."

"பாப்போம்" என்றார்.

அவர் வாயிலிருந்து "பாப்போம்" வருவதே பெரிசு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நாள் ஓட்டினாள்.

பிறகு நெல்லையப்பன் வந்தான். அப்பா காலில் விழுந்து கும்பிட்டான், கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினான். அவள் காப்பியோடு உள்ளே வந்தால் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் கோமதிநாயகம், "நாளைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ் போறோம், வீட்ட எழுதிருவோம். நீயும் கெளம்பு" என்றார். சொர்ணத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. செத்துப் பிழைத்தால் மனுஷனுக்குப் புத்தி வரும்போல என்று நினைத்துக்கொண்டு, மகன் கலியாணத்துக்கு எடுத்த சேலையை எடுத்து உதறினாள்.

ரெஜிஸ்டர் ஆபீஸ் மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் ஒருதடவை படித்துக் காட்டினார். என் மகன் நெல்லையப்பன் பேரில் அன்பினாலும் பிரியத்தினாலும் என்று வந்தது.

"யாருக்கு எழுதுதீக?" என்றாள்.

"ஆம்பளப் புள்ள கல்லுமாதிரி இருக்கும்போது ஒனக்கு எதுக்குளா வீடு? அவன் ஒனக்குக் கஞ்சி ஊத்தமாட்டானா?"

"எம்மா, மூஞ்சியத் தூக்காத" என்றான் நெல்லையப்பன். "பார்ட்டி ரெடியா இருக்கு. வித்துட்டு ஓசூர்ல பெருசாப் பாக்கேன். ஹால்ல ஒனக்கு ஒரு பாய் போட்டா ஆச்சு, டிவியும் அங்கதான் இருக்கு."

"நான் எதுக்கு இங்க வந்தேன்?"

"சாட்சிக்கு. ஆளு இன்னாருதான்னு அடையாளம் சொல்ல ரெண்டுபேர் வேணும். சங்கரபாண்டி மாமா ஒண்ணு, நீ ஒண்ணு."

உள்ளே சார்பதிவாளர் ஒரு பெண். கோமதிநாயகத்தை கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். விரல் ரேகையை மெஷின் முதலில் எடுக்கவில்லை, தலையில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டது. சங்கரபாண்டி தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா சொர்ணத்தாயைப் பார்த்தார். "நீங்க இவரு சம்சாரம்தான? சொல்லுங்கம்மா. இவரு கோமதிநாயகந்தானா? இவர உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

சொர்ணத்தாய் கணக்குப் போட்டாள். செத்துப்போனவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்திரம் அப்படியே நின்றுவிடும். ஆனால் சர்க்கார் ஆபீஸில் சொன்ன வார்த்தை இன்னொரு சர்க்கார் ஆபீஸுக்குப் போகாமல் இருக்காது, நாளைக்கே காலனி முழுக்கச் சலுகை போகும், வேலம்மாள் தட்டில் பாதி தோசை அப்படியே கிடக்கும். தெரியும் என்று சொன்னாலோ வீடு போகும். அவள் அவரைப் பார்த்தாள். அவருக்கு எவ்வளவு உப்பு என்று தெரியும். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவர்தான் என்று தெரியும். எதெல்லாம் பிடிக்காது என்று தெரியும். எதற்காவது அவர் வாய்விட்டுச் சிரித்தாரா, எதற்காவது ராத்திரி விழித்துக் கிடந்தாரா, தன்னை ஒருநாளாவது ஒரு ஆளாக நினைத்தாரா என்று தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியாதும்மா" என்றாள்.

"என்னது?"

"இவுகள எனக்குத் தெரியாது."

"எம்மா!" என்று நெல்லையப்பன் கத்தினான். கோமதிநாயகம் முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? என்னையத் தெரியாதா?"

"முப்பத்தொம்பது வருஷம் சோறு போட்டேன்" என்றாள் சொர்ணத்தாய், அவரிடம் இல்லை, அந்த அம்மாவிடம். "அம்புட்டுதான் தெரியும். தெரியாத ஆளுக்குச் சாட்சி சொல்லக்கூடாதுல்லா. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சார்பதிவாளர் பேனாவை மூடிவைத்தார். மனைவியே அடையாளம் மறுத்ததால் பதிவு நிறுத்தப்படுகிறது என்று எழுதினார். நெல்லையப்பன் வக்கீலைப் பார்த்தான். முதலில் உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதற்கு நாளாகும் என்றார் வக்கீல். தெரியாத பெண்பிள்ளை வீட்டில் எப்படி இருப்பது என்று கோமதிநாயகம் மகனோடு ஓசூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஹாலில் பாய் அவருக்குத்தான் போட்டிருக்கிறார்களாம், மருமகள் சமையலில் உப்பு எப்படி என்று தெரியவில்லை.

சங்கத்தில் சொர்ணத்தாய் பேரை எடுத்துவிட்டார்கள். ஓனரும் இல்லை, ஓனரைத் தெரிந்தவளும் இல்லை என்று டீக்கடையில் தீர்மானம் போட்டார்கள். வேலம்மாள் மட்டும் ஒருநாள் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"எக்கா, தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. புருஷன்தான?"

"ஒனக்கு ஒம் புருஷனத் தெரியும்ளா. நீ சொல்லுவ."

வேலம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, அவுக தேடுவாக என்று போய்விட்டாள்.

நகராட்சியிலிருந்து தாள் வந்தது. உரிமையாளர் அடையாளம் உறுதியாகாததால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சலுகை ரத்து. நிறுத்தின பென்ஷனும் திரும்பி வரவில்லை, புருஷன் இருக்கிறார், ஆனால் தெரியாதவர் என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. சொர்ணத்தாய் கலியாண மண்டபத்துக்குச் சின்ன வெங்காயம் உரிக்கப் போனாள். மூட்டை மூட்டையாக வந்தது, கண்ணில் நீர் வற்றிப்போகிற வரைக்கும் உரித்தாள்.

அரையாண்டு வரி கட்டுகிற நாளில் கோடி வேட்டிக்காரர்கள் வரிசையில் நின்று பாதி பாதியாகக் கட்டினார்கள். அவள் முறை வந்தபோது பிரின்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆச்சி, காலனியிலயே ஒங்களுக்கு மட்டுந்தான் முழுசா வருது. ஒரு மனு எழுதிக் குடுங்க, நான் மேல வைக்கேன்."

"எத்தன மனு எழுதுவேன்? போடு."

"சலுகை வாங்குனதே நீங்கதான் ஆச்சி."

"போடு தம்பி. பின்னால ஆளு நிக்கி."

பிரின்ஸ் போட்டான். மெஷின் ரசீதைத் துப்பியது. திரு. கோமதிநாயகம் அவர்களிடமிருந்து முழுத் தொகையும் பெறப்பட்டது என்று அதில் இருந்தது. அவள் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வீட்டுக்குப் போனாள், போய் வாசல் கதவைத் திறந்துபோட்டு, காலை நீட்டி, நடுஅறையில் குறுக்கே படுத்தாள். அப்படிப் படுப்பதற்காக, தான் சாகிற காலம்வரைக்கும், அரையாண்டுக்கு ஒருதடவை அவள் தனக்குத் தெரியாத ஒரு மனிதருடைய வீட்டுக்கு முழு வரி கட்டினாள்.